உறுதிக்கு முன் எழுதிய சொல்

அறிவிக்கத்தக்க நோய் ஒன்று இருப்பதாக நம்புவதற்குக் காரணம் உள்ள எந்த மருத்துவரும் உடனே அதைச் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரச் சட்டம் சொல்வதன் சாரம் இதுதான். ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தால் போதும். ஆய்வக உறுதி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் எங்கள் காலத்து அலுவலகங்களில் சட்டத்தைவிடச் சுற்றறிக்கைக்கு மதிப்பு அதிகம். எங்கள் மருத்துவமனைக் கோப்பில் இருந்த சுற்றறிக்கை ஒன்று, மாநில ஆய்வகம் உறுதி செய்யும்வரை ‘காலரா’ என்ற சொல்லை எந்தப் பதிவிலும் எழுதக் கூடாது, ‘கடும் வயிற்றுப்போக்கு’ என்றே எழுத வேண்டும் என்றது. அதே சுற்றறிக்கையின் அடுத்த பத்தி, ஆய்வகம் தன் முடிவைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பத்தியை யாரும் மேற்கோள் காட்டிக் கேட்டதில்லை.

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்கு, நெருக்கடிக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களின் துணிச்சல் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டது இப்போது பணியில் இருக்கும் தம்பிமார்கள். அவர்களுடைய இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிடுகிறது. முடிவு அதே நிமிடம் மருத்துவரின் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. தபாலில் முடிவு வந்த காலத்தில் எப்படி வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். இப்படித்தான் பார்த்தோம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேதியியலில் பட்டம், ஒரு வருட ஆய்வக நுட்பநர் பயிற்சி. அந்த ஒரு வருடத்தில் பாதி, கண்ணாடிக் குழாய் கழுவுவதில் போயிற்று. மீதிப் பாதியில் கற்றது முப்பத்து மூன்று வருடம் சோறு போட்டது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த 1989-இல் நான் இங்கே அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தேன். மாவட்டம் புதிதாக வந்துவிட்டது; மாவட்டத்துக்குரிய மேசை, நாற்காலி, படிவம் எதுவும் வரவில்லை. அலுவலகங்கள் வாடகை வீடுகளில் நடந்தன. நாங்கள் எழுதிய ஒவ்வொரு தாளின் தலையிலும் ‘வடஆற்காடு மாவட்டம்’ என்றே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, கீழே புது முகவரி ரப்பர் முத்திரையைக் குத்த வேண்டும். அந்த முத்திரை செய்ய அனுமதி கிடைப்பதற்கே ஐந்து மாதம் ஆயிற்று.

தொற்றுநோய்ப் பிரிவுக்குப் பொறுப்பு டாக்டர் மரகதம். நாற்பது வயது இருக்கும். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நோயாளியின் தாளை நின்றபடியே முழுதும் படிப்பார். எதை எழுதினாலும் பக்கத்தில் நேரத்தை நிமிடம் வரை குறிப்பார். எழுதியதில் பிழை இருந்தால் மேலே எழுதித் திருத்த மாட்டார். ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். பிழை என்ன என்பது கோட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியும்படி இருக்கும். துப்புரவுப் பணியாளர் முதல் கண்காணிப்பாளர் வரை எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். அவர் ‘தயவுசெஞ்சு’ என்று ஆரம்பித்தால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

மாவட்டம் பிரிந்து ஓராண்டு கழிந்த கார்த்திகை அது. மழை நன்றாகப் பிடித்திருந்தது. தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்ற இரண்டு நாள் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மல்லாட்டை எனும் நிலக்கடலை மூட்டை ஏற்றும் டெம்போ ஒன்று மருத்துவமனைக்குள் வந்தது. மூட்டைக்குப் பதில் மனிதர்கள். ஐந்து பேர் படுத்திருந்தார்கள். ஆறாவதாக ஏற்றப்பட்டவர் வழியிலேயே உயிரை விட்டிருந்தார்.

படுத்திருந்தவர்களில் பச்சையம்மாள் என்ற பெண்ணின் நிலைமை மோசம். முப்பது வயதுகூட இருக்காது. கண் உள்ளே போய், விரல் தோல் நாள்முழுதும் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருந்தது. அவள் கணவர் வார்டு செவிலியர் ஜெபமணியிடம் சொன்னதை, பக்கத்தில் மாதிரி எடுக்கக் காத்திருந்த நான் கேட்டேன்.

“காத்தாலருந்து தண்ணி தண்ணியா போய்கினே இருந்துச்சு சிஸ்டர். இப்பதான் நின்னுது. கம்மி ஆயிடுச்சுன்னு நெனைக்கிறேன்.”

போவதற்கு உடம்பில் தண்ணீர் இல்லாததால் நின்றது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மணிக்கட்டில் நாடி இல்லை. கையில் நரம்பு தட்டுப்படவில்லை. கட்டில் தாழ்வானது, நடுவில் ஓட்டை வெட்டிய கித்தான் கட்டில், ஓட்டைக்குக் கீழே வாளி. ஜெபமணி ஈரத் தரையில் முழங்கால் போட்டு, கணுக்காலுக்கு மேலே விரலால் தடவித் தடவி, கண்ணால் பார்க்க முடியாத ஒரு நரம்பில் ஊசியை ஏற்றினார். இரண்டாவது காலிலும் ஏற்றினார். இரண்டு பாட்டிலும் சொட்டாக அல்ல, தாரையாக ஓடின. முதல் அரை மணியில் மூன்று பாட்டில். அது முடியும்போது டாக்டர் மரகதம் நாடியைப் பிடித்துப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, தாளில் எழுதினார்: ‘9.52, நாடி தெரிகிறது.’ அந்தத் தாளில் நான் படித்த வாக்கியங்களில் மிக அழகானது அதுதான்.

பச்சையம்மாள் கண் திறந்து முதலில் கேட்டது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டினார்கள் என்று.

என் வேலை நுண்ணோக்கியில். அரிசி கழுவிய நீர் போன்ற அந்த மலத்தில் ஒரு சொட்டை மெல்லிய கண்ணாடியின் நடுவில் வைக்க வேண்டும். குழி வெட்டிய கண்ணாடிச் சில்லின் குழியைச் சுற்றி வாசலின் தடவி, அதன் மேல் சொட்டு தலைகீழாகத் தொங்கும்படி கவிழ்க்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, சொட்டின் நடுவை அல்ல, விளிம்பைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆசிரியர், விளிம்பைப் பார்க்கத் தெரியாதவன் ஆய்வகத்துக்கு வரக் கூடாது என்பார். அன்று விளிம்பில் நான் பார்த்ததை மறக்க முடியாது. ஏரிக்கரையில் கல்லெறிந்தால் மீன்குஞ்சுகள் எப்படிச் சிதறிப் பாயுமோ அப்படி, பார்வை வட்டம் முழுக்கக் கிருமிகள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்துகொண்டிருந்தன. அடுத்த நால்வரின் மாதிரியிலும் அதே பாய்ச்சல்.

இது காலராக் கிருமிதான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் எதிர்ச்சீரம் ஒரு சொட்டு விட வேண்டும். பாய்ச்சல் சட்டென்று நிற்க வேண்டும். எங்களிடம் இருந்த எதிர்ச்சீரம் காலாவதியாகியிருந்தது. புதியது கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆகவே சென்னைக்கு மாதிரி அனுப்பியாக வேண்டும். நான் டாக்டர் மரகதத்திடம் போய், என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“நீங்க பார்த்தத எழுதுங்க. பார்க்காதத எழுதாதீங்க. மீதி என் வேலை.”

‘வேகமாகப் பாயும் கிருமிகள் காணப்படுகின்றன, காலராவாக இருக்கக்கூடும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, அறிவிக்கத்தக்க நோய்க்கான படிவத்தை எடுத்து, ‘நோய்’ என்ற இடத்தில் ‘காலரா’ என்று எழுதினார். பக்கத்தில் நேரம்: 10.40.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கொடியேறப் போகிறது, பத்தாம் நாள் மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் வருவார்கள். ‘கடும் வயிற்றுப்போக்கு’ என்றால் ஒரு சுகாதார ஆய்வாளர் ஒரு பை பிளீச்சிங் பவுடரோடு கிராமத்துக்குப் போவார். ‘காலரா’ என்றால் கிணற்றை மூட வேண்டும், மலைசுற்றும் பாதையின் தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் குளோரின் பார்க்க வேண்டும், வெட்டி வைத்த பழமும் ஐஸும் விற்கக் கூடாது, நகர்மன்றம் முதல் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை எல்லா அதிகாரியும் ஓட வேண்டும். ஓட விரும்பாதவர்கள் பலர் இருந்தார்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குள் தொலைபேசி வந்தது. பேசிய மேலதிகாரியின் பதவியை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பேசியதை நான் கேட்கவில்லை. டாக்டர் பேசியதைக் கேட்டேன்.

“சார், உறுதி ஆவலன்னு எனக்கும் தெரியும். உறுதி ஆகற வரைக்கும் கிணத்துத் தண்ணி காத்திருக்காது... இல்ல சார், படிவத்த மாத்த மாட்டேன்... தயவுசெஞ்சு அதை எழுத்துல குடுங்க சார். எழுத்துல குடுத்தா மாத்தறேன்.”

எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. பிறகு அந்த மேலதிகாரி தொலைபேசியில் என்னையும் கூப்பிட்டார். ‘காலராவாக இருக்கக்கூடும்’ என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டால் என் பெயர் எதிலும் வராது என்றார். நான் பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் எடுப்பதற்கு விதியில் இடமில்லை என்று சொன்னேன். கோழைகளுக்கும் விதி சில நேரம் கைகொடுக்கும்.

அன்று மாலைக்குள் வார்டில் பதினான்கு பேர். மூன்றாம் நாள் தரையிலும் பாய் விரித்தோம். ஒரு வேளைக்கு இரண்டு செவிலியர், ஒரு துப்புரவுப் பணியாளர். வாளிகளைச் சுமந்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றி, அரை மணி வைத்து, குழியில் கொட்டியவர்களுக்குக் கையுறை வந்தது ஐந்தாம் நாள். அதுவரை வெறுங்கைதான். ஒருவர்கூட விடுப்புக் கேட்கவில்லை. வார்டு உதவியாளர் ஆறுமுகம், கூலியாகச் சேர்ந்து நிரந்தரமானவர், மாதிரிகளைச் சென்னைக்குக் கொண்டுபோகத் தானே முன்வந்தார். ஐந்து சிறு பாட்டில், கெடாமல் வைக்கும் திரவத்தில். பாட்டில் தகர டப்பாவுக்குள். டப்பா மரத்தூள் நிரப்பிய மரப்பெட்டிக்குள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்த் திரும்பியவர் சொன்னார்:

“பொட்டில இன்னா ஐயா, சாமி பிரசாதமான்னு கேட்டான் கண்டக்டர். காலராப்பான்னேன். திண்டிவனம் வரைக்கும் மூணு சீட்டும் எனக்கே சார்.”

ஆறாம் நாள் ஜெபமணிக்கே பேதி கண்டது. அவரை அதே வார்டின் மூலையில் படுக்க வைத்து டிரிப் ஏற்றினார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கிய பாட்டிலோடு, படுத்தபடியே, எந்தக் கட்டிலில் எத்தனையாவது பாட்டில் என்று புதிதாக வந்த செவிலியருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நோயாளிப் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதினார். பணிப் பதிவேட்டிலும் கையெழுத்திட்டார். மறு ஆண்டு தணிக்கைக்கு வந்தவர், ஒரே நபர் ஒரே வேளையில் நோயாளியாகவும் செவிலியராகவும் எப்படி இருக்க முடியும் என்று ஆட்சேபம் எழுப்பினார். ‘முடிந்தது’ என்று டாக்டர் பதில் எழுதினார். அந்த ஆட்சேபம் இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கலாம்.

வார்டுக்கு உயிரோடு வந்து சேர்ந்த யாரும் சாகவில்லை. இதை எழுதும்போது என் முதுகு இப்போதும் கொஞ்சம் நிமிர்கிறது.

படிவம் போய்விட்டதால் மேலே இருந்தவர்கள் ஓடத்தான் வேண்டியிருந்தது. கிராமத்துக் கிணறு மூடப்பட்டது. மழையில் ஏரி நிரம்பி, துணி துவைக்கும் நீரெல்லாம் அந்தக் கிணற்றில் இறங்கியிருந்தது. செங்கம் சாலை ஓட்டல்கள் முதல் மலைசுற்றும் பாதை முடிய, தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது. தீபம் ஏறியது. கூட்டம் வந்தது, சுற்றியது, ஊர் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் காலரா இல்லை.

அதுதான் டாக்டருக்கு வினையாயிற்று. தை பிறந்ததும் அவருக்கு ‘பதினேழு பி’ குறிப்பாணை வந்தது. அரசு ஊழியர் எவருக்கும் அது தெரியும்; பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு, வேலையே போகலாம். ஆய்வக உறுதி இல்லாமல் ‘காலரா’ என்று எழுதிப் பீதி கிளப்பினார் என்பது குற்றம். பீதிக்கு அடிப்படை இல்லை என்பதற்கு ஆதாரம்: திருவிழாவில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. நெருப்பை அணைத்தவரிடம், எரியாத வீட்டுக்கு எதற்குத் தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்பதற்கும் ஒரு படிவம் இருக்கத்தான் செய்கிறது.

பதிலுக்கு ஒரே ஒரு காகிதம் போதும்: சென்னை ஆய்வகத்தின் முடிவு. அது வரவே இல்லை. டாக்டர் தினமும் காலையில் ஆய்வக வாசலில் நின்று “வந்துச்சுங்களா?” என்று கேட்பார். இல்லை என்பேன். சரி என்று போய்விடுவார். நான் மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: முடிவு ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது, தங்கள் அலுவலகத்தில் தேடவும்.

அதைப் படித்ததும் மாதிரியோடு அனுப்பிய படிவத்தின் கார்பன் நகலை எடுத்தேன். தலையில் ‘வடஆற்காடு மாவட்டம்’ என்ற அச்சு அப்படியே இருந்தது. அடிக்கவில்லை. முத்திரை குத்தவில்லை. பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒட்டிய சீட்டில் குத்தியிருந்தேன், அனுப்புகைப் பதிவேட்டில் குத்தியிருந்தேன். முடிவை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் அந்த ஒரு தாளை விட்டுவிட்டேன். முடிவு பழைய மாவட்டத்துக்குப் போய், ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு கட்டுக்குள் படுத்திருந்தது.

நகலை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ரப்பர் முத்திரை மேசை மேலேயே இருந்தது. மைப்பெட்டி ஈரமாக இருந்தது. ஒரு குத்து குத்தினால் பிழை சென்னையுடையதாகிவிடும். அரை மணி நேரம் அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நகலை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

டாக்டர் நின்றபடியே படித்தார்.

“முத்திரை குத்தி எடுத்துகிட்டு வந்திருக்கலாமே?” என்றார்.

“தோணுச்சு டாக்டர்.”

“தோணும். கீழ பாருங்க, நானுந்தான் படிக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன். ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துடலாம்.”

எழுதிக் கொடுத்தோம். எனக்குக் கண்டனம் கிடைத்தது. என் பணிப் பதிவேட்டில் உள்ள ஒரே சிவப்பு மை வரி அது. அதோடுதான் ஓய்வு பெற்றேன். அதை நீக்கக் கோரி மனுப் போடச் சொன்ன நண்பர்களிடம், அந்தப் பதிவேட்டில் படிக்கத் தகுந்த வரி அது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். டாக்டரைக் காப்பாற்ற இது போதவில்லை. மாதிரி அனுப்பப்பட்டது நிரூபணமாகிறது, நோய் காலராதான் என்பது நிரூபணமாகவில்லை என்று விசாரணை அதிகாரி எழுதினார். விசாரணை முடியாமலே டாக்டரை ஜவ்வாது மலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். பழைய மாவட்ட அலுவலகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவதை நான் நிறுத்தவில்லை.

ஒருநாள், மாதாந்திரக் கூட்டத்துக்காக அவர் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த அன்று, பழுப்பு உறை ஒன்று வந்தது. அதன் மேல் மூன்று அலுவலகங்களின் முத்திரைகள், மூன்று விதமான ‘திருப்பி அனுப்புக’. உள்ளே ஒரு தாள். ஐந்து மாதிரியிலும் காலராக் கிருமி உறுதி. அந்தத் தாளின் நகலை வைத்துத்தான் பின்னால் அவர் மீதான குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் எழுதவில்லை. அதற்கு விதியில் இடமில்லை.

ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. டாக்டர் ஆய்வகத்துக்கு வந்து தாளைப் படித்தார். ஜெபமணியும் வார்டிலிருந்து ஓடி வந்தார், கையில் பதிவேட்டோடு. முடிவுத் தாளில் போட்டிருந்த தேதியைப் பார்த்ததும் ஜெபமணியின் முகம் மலர்ந்தது. தீபத்துக்கு மூன்று நாள் முந்தைய தேதி அது. பதிவேட்டில் ‘உறுதி பெறப்பட்ட நாள்’ என்ற கட்டம் இத்தனை மாதமும் காலியாக இருந்தது.

“டாக்டர், இந்தத் தேதியையே எழுதிடலாம். தீபத்துக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு ஆயிடும். உங்களுக்கும் நல்லது, இவருக்கும் நல்லது. யாரு பாக்கப் போறாங்க?”

எனக்கும் அந்த ஆசைதான்.

டாக்டர் பதிவேட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் முன்னால் வைத்தார்.

“காலரான்னு எழுதறப்ப எனக்கு இது தெரியாது சிஸ்டர். தெரியாமதான் எழுதினேன். அது அப்படியே இருக்கட்டும்.” பிறகு என்னிடம், “வந்த தேதியப் போடுங்க” என்றார்.

பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினேன்: ஜூலை 11.